தேரைக்கு யார் பொறுப்பு?

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் ஒருவன் உண்டு என்பார்கள் நம் பெரியவர்கள். சரி, தார்ச்சாலையில் நசுங்கிக் கிடக்கும் தேரைக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வி இன்று இங்கிலாந்தில் எழுந்திருக்கிறது.

அங்கே குளிர்காலம் முழுவதும் முடங்கிக் கிடக்கும் தேரைகள், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், குளிர் சற்றுத் தணிந்த ஈரமான இரவுகளில் புறப்படுகின்றன. எங்கே? முட்டையிட, தாம் பிறந்த குளத்திற்கு! தலைமுறை தலைமுறையாக அதே குளம், அதே பாதை. குறுக்கே சாலை போட்டவர்கள் இதை எண்ணிப் பார்த்தார்களா? இல்லை. தவளையைப் போல் எட்டித் தாவ தேரைக்கு வராது. மெல்ல நடந்துதான் கடக்கும். ஆண்டுதோறும் சுமார் 20 டன் தேரைகள் பிரிட்டிஷ் சாலைகளில் மடிகின்றன என்று ஃப்ராக்லைஃப் என்ற பாதுகாப்புச் சங்கம் மதிப்பிடுகிறது.

காப்பாற்றுகிறவர்கள் யார்? சாதாரண மக்கள்! பகல் வேலை முடிந்து, இரவில் கைவிளக்கும் வாளியுமாக வந்து, தேரைகளை எடுத்துச் சாலைக்கு அப்பால் விடுகிறார்கள். எண்ணிக் கணக்கும் எழுதுகிறார்கள். பாத் நகரை அடுத்த சார்ல்கோம்ப் சாலையில் ஆண்டுதோறும் சில வாரங்கள் வண்டிகளே நிறுத்தப்படுகின்றன. இந்தத் தொண்டை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், அவர்கள் எழுதிய கணக்கே கசப்பான உண்மையைச் சொல்கிறது. அதைக்கொண்டு செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளில் பிரிட்டனின் தேரைகள் 68 சதவீதம் குறைந்துவிட்டனவாம்! சாலை மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. குளங்கள் தூர்ந்தன, விவசாய முறை மாறியது. ஆயினும் வாளி மட்டும் போதாது என்பது தெளிவு. குளத்துக்குப் போகும் தேரையைத் தூக்கிவிட ஆள் உண்டு. கோடையில் குளத்தைவிட்டு வெளியேறும் விரல்நுனி அளவுக் குஞ்சுகளைத் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்?

வழி இல்லாமல் இல்லை. 1987இலேயே பக்கிங்ஹாம்ஷயரில் ஹாம்பிள்டன் அருகே தேரைகளுக்கென்று சாலைக்கடியில் சுரங்கவழி அமைத்தார்கள். இருபுறமும் தாழ்வான வேலி போட்டால், தேரைகள் அதை ஒட்டி நடந்து சுரங்கத்தை அடையும். வேலி சிதையாமல் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பூச்சியையும் நத்தையையும் தின்று, தோட்டக்காரனுக்குக் கூலி கேட்காமல் உழைக்கும் பிராணி அது. சாலை போடும் செலவிலேயே சுரங்கத்தின் செலவையும் சேர்ப்பதுதான் நியாயம். தொண்டர்கள் வாளி தூக்குகிறார்கள் என்பதற்காகச் சாலை இலாகா கைகட்டி நிற்கலாமா? தொண்டு, பொறுப்புக்குத் துணை நிற்கலாம். பொறுப்பின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.