படம் பார்த்தாச்சு... புத்தகம் எதற்கு?



'பொன்னியின் செல்வன்' கதை தெரியுமா என்று கேட்டால், "ஓ... படம் பார்த்திருக்கிறோமே!" என்று உங்களில் பலர் கை தூக்குவீர்கள். புத்தகம் படித்தவர்கள் யார் என்று கேட்டால், பல கைகள் இறங்கிவிடும். "அதுதான் படத்திலேயே கதை தெரிந்துவிட்டதே!" என்பீர்கள். உண்மையிலேயே தெரிந்துவிட்டதா? பார்ப்போம்.

அமரர் கல்கி இந்த நாவலை 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் 'கல்கி' வார இதழில் தொடராக எழுதினார். மொத்தம் ஐந்து பாகங்கள். இயக்குநர் மணிரத்னம் அதை 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு படங்களாகத் தந்தார். இரண்டும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம்தான்!

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வார்கள். களிமண் கூழை பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பொம்மை காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது அச்சைவிடச் சிறியதாக இருக்கும். சுருங்காமல் பொம்மை இல்லை. பெரிய நாவல் படமாவதும் அப்படித்தான். சுருங்கியதில் எதெல்லாம் போயிற்று என்பதுதான் கேள்வி.

நாவல், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. நமது கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரிதான் அது! வந்தியத்தேவன் குதிரை மேல் அமர்ந்து, கரையில் கூடியிருக்கும் மக்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிறான். படமோ போர்க்களத்தோடு தொடங்குகிறது. திரையில் முதல் சில நிமிடங்களிலேயே பரபரப்பு வேண்டுமே!

நாவலில் மணிமேகலை என்றொரு பெண் வருகிறாள். வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப் பழியைத் தானே ஏற்க முன்வருகிறாள். படத்தில் அவளே இல்லை. கடைசியில் அரியணை ஏறுவது யார் என்பதிலும் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. அதை நான் சொல்ல மாட்டேன். படித்துக் கண்டுபிடியுங்கள்!

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஹாரி பாட்டர் நாவல்களில் குறும்புப் பேய் பீவ்ஸ் பள்ளியையே ஆட்டிவைக்கும். எட்டுப் படங்களில் ஒன்றில்கூட அது வரவில்லை.

"அப்படியானால் படம் எடுத்தவர்கள் தப்பு செய்துவிட்டார்களா?" என்று கேட்காதீர்கள். கல்கியும் வரலாற்றை அப்படியே எழுதவில்லையே! செம்பியன் மாதேவி உண்மையில் வாழ்ந்த அரசி. எங்கள் ஊர் விருத்தகிரீஸ்வரர் கோயிலைக் கல்லால் கட்டியவர் அவர்தான். ஆனால் நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனை. வரலாற்றில் கற்பனையைக் கலந்து அவர் நாவல் எழுதினார். நாவலில் கூட்டிக் குறைத்து மணிரத்னம் படம் எடுத்தார். இரண்டுமே ரசிக்கத் தக்கவை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பிறகு எதற்காகப் படிக்கச் சொல்கிறேன்? படத்தில் வந்தியத்தேவனுக்கு ஒரே முகம்தான். நடிகர் கார்த்தியின் முகம். புத்தகத்தில் அவன் முகத்தை நீங்கள்தான் வரைய வேண்டும். பத்துப் பேர் படித்தால் பத்து வந்தியத்தேவன்கள்! படத்தை முதலில் பார்த்துவிட்டால், அந்த முகம் மனதில் பசை போட்டு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உங்கள் சொந்த வந்தியத்தேவனைக் கொண்டுவருவது கடினம்.

எனவே, இனி ஒரு நாவல் படமாகப் போகிறது என்று கேள்விப்பட்டால், முதலில் நூலகத்துக்கு ஓடுங்கள். ஏற்கெனவே படம் பார்த்துவிட்டீர்களா? பரவாயில்லை. புத்தகத்தை எடுத்து, மாறியிருக்கும் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் மாற்றியிருப்பார்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நண்பர்களோடு பேசுங்கள்.

தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் வாசகர்கள் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படித்தார்கள். நீங்களும் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் படியுங்கள். வீராணம் ஏரிக்கரையில் தொடங்குவீர்கள்தானே?