பத்து மடங்குக் கோழி நிற்குமா?

மாணவர்களே, மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு கோழியைப் பத்து மடங்கு பெரிதாக்க ஒரே ஒரு கட்டளை வரி போதும். 2024ஆம் ஆண்டு வெளிவந்த ஜாவா 1.20.5 பதிப்பிலிருந்து, எந்த உயிரினத்தையும் 16இல் ஒரு பங்காகச் சுருக்கலாம், 16 மடங்காகப் பெருக்கலாம். உங்களில் பலர் இதைச் செய்து பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அந்த எண்ணைத் தட்டுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். உங்கள் கோழியின் எடை 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உயரம் 10 மடங்கு கூடும்போது நீளமும் அகலமும் அதே அளவு கூடுகின்றன. ஆகவே கன அளவு 10 x 10 x 10, அதாவது 1,000 மடங்காகிறது. எடை 2,000 கிலோ! ஆனால், அந்த எடையைத் தாங்கும் கால் எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ 100 மடங்குதான் கூடும். எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட 10 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். சிறகுகளுக்கும் இதே கதிதான்.

இதை கலிலியோ 1638ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஒரு சிறிய எலும்பையும், அதே வேலையைச் செய்ய வேண்டிய பெரிய விலங்கின் எலும்பையும் அவர் அருகருகே வரைந்து காட்டினார். பெரிய எலும்பு நீளத்தைக் காட்டிலும் பருமனில்தான் அதிகம் வளர்ந்திருந்தது. நம் வட்டாரக் காடுகளிலேயே இதற்குச் சான்று உண்டு. சருகுமானின் கால் பென்சில் போன்றது. யானையின் கால் தூண் போன்றது. சருகுமானை அப்படியே பெரிதாக்கினால் யானை கிடைக்காது. யானை வேகமாக ஓடும்போதுகூட நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழுவதில்லை.

விளையாட்டிலோ உருவம் ஓர் எண், உயிர்ப் புள்ளி வேறோர் எண், வேகம் இன்னோர் எண். ஒன்றை மாற்றினால் மற்றது அசையாது. பத்து மடங்குக் கோழிக்கும் பழைய 4 உயிர்ப் புள்ளிகள்தான். உயரத்திலிருந்து விழுந்தாலும் சிறகடித்துக்கொண்டு காயமின்றி இறங்கும். இயற்கையில் இவையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. ஒன்றை இழுத்தால் மற்றவையும் கூடவே வரும்.

“விளையாட்டுதானே, இதற்கு ஏன் இயற்பியல்?” என்று நீங்கள் கேட்கலாம். கற்பனைக்குத் தடை போடச் சொல்லவில்லை. பறக்கும் டிராகன் தாராளமாகப் பறக்கட்டும். ஆனால், எந்த விதியை மீறுகிறோம் என்று தெரிந்து மீறுவது வேறு, தெரியாமல் மீறுவது வேறு. தெரிந்தவர் படைக்கும் அரக்கனுக்குக் கனம் இருக்கும். அது நடந்தால் தரை அதிரும் என்று பார்ப்பவர் நம்புவார்.

அந்தக் கயிற்றை நீங்களே கட்டலாம். குதிக்கும் திறன், வேகம், விழும்போது ஏற்படும் சேதம் ஆகியவற்றை மாற்றவும் அதே பதிப்பில் கட்டளைகள் உள்ளன. கால்கள் ஊசல் போல ஆடுபவை. ஊசலின் நீளம் 10 மடங்கானால் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 3.2 மடங்காகும். ஆகவே உங்கள் பெரிய கோழி குடுகுடுவென்று ஓடக்கூடாது. நிதானமாக எட்டு வைத்து நடக்க வேண்டும். உருவத்தையே மாற்றும் மோடிங் தெரிந்தவர்கள் கால்களைத் தடிமனாக்குங்கள். எடை 1,000 மடங்கு என்றால் கால் எலும்பின் விட்டம் ஏறத்தாழ 32 மடங்கு இருக்க வேண்டும். அப்போது அது கோழி போலவே இருக்காது. அதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய பாடம்.

அடுத்த முறை கட்டளையைத் தட்டுமுன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: நீளம், பரப்பு, கன அளவு. வகுப்பில் படித்த வர்க்கமும் கனமும் எதற்கு என்ற கேள்விக்கு, திரையில் நிற்கும் அந்தக் கோழியே பதில் சொல்லும்.