சோடி இல்லாத ஏலம்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பரிசுப் போட்டி ஒன்று வைப்பார்கள். ஒரு கையின் 13 தாளையும் அதுவரை நடந்த ஏலத்தையும் காட்டி, ‘அடுத்து என்ன கேட்பீர்கள்?’ என்பார்கள். எங்களுக்கும் ஆசைதான். ஆனா புள்ளி போடுகிற முறையை ஒத்துக்கொள்ள ஏலாது.

1929இல் தொடங்கிய அமெரிக்கச் சஞ்சிகை ‘தி பிரிட்ஜ் வேர்ல்ட்’. அதன் பேர்போன பகுதி ‘மாஸ்டர் சோல்வர்ஸ் கிளப்’. நிபுணர் குழு வாக்குப் போடும். பெரும்பாலும் கூடுதல் வாக்கு விழுந்த கேள்விக்கே 100 புள்ளி. மற்ற மூன்று பேரின் 39 தாள்? அது யாருக்கும் தேவையில்லை. கையை ஆடிப் பார்ப்பதே இல்லையே! ஆக, நல்ல கேள்வியை விடுங்கோ, பெரியாக்கள் என்ன சொல்லுவினம் என்று ஊகிக்கிறவருக்குத்தான் வெற்றி. மாதிரி விடை பாடமாக்கி வளர்ந்த எங்களுக்கு இது புதுசில்லை.

‘ஏலம் ஒரு பாஷை, அதுக்குப் பொது வழக்கு வேணும்’ என்பார்கள். பாஷைதான். அப்ப கேட்கிறதுக்கு எதிரில ஒரு ஆள் வேண்டாமா? 304 ஆடின எவருக்கும் தெரியும்: துணிஞ்ச சோடியோட கேட்கிற கேள்வி வேற, பயந்த சோடியோட கேட்கிறது வேற.

அதே சஞ்சிகையில் ‘சலஞ்ச் த சாம்ப்ஸ்’ என்றும் ஒன்று உண்டு. இரண்டு சோடிகள் ஒரே கைகளை ஏலம் கேட்கும். வந்துசேர்ந்த ஒப்பந்தத்துக்குப் புள்ளி. பரிசுக் காசை அங்கே போடுங்கோ. தனி ஆட்களுக்குத்தான் போட்டி என்றால், விடையோடு காரணத்தையும் எழுதச் சொல்லி, காரணத்துக்குப் புள்ளி போடுங்கோ.