பேச்சுப் போட்டி போதும், பேச்சு வேண்டும்

குழந்தைகளின் பேச்சைக் கைப்பேசி பறித்துவிட்டது என்று புலம்புகிறோம். அதற்கு முன்பே பறித்தவர்கள் நாம்.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட நூலகம் அண்ணா என்னும் பெரும் பேச்சாளரின் பெயர் தாங்கியது. 2011இல் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முனைந்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்தனர், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கட்டடம் பிழைத்தது. அங்குள்ள குழந்தைகள் பிரிவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாம் சொல்வதென்ன? ‘பேசாமல் படி.’

பள்ளியிலோ பேச்சுப் போட்டி: மனப்பாடம், கைதட்டல், கோப்பை. மறுமொழிக்கு அங்கே இடமில்லை. திரையும் அவ்வாறே. மேடைக்குப் பழகிய பிள்ளை திரைக்குப் பழகியதில் வியப்பென்ன?

உரையாடல் கேட்பதில் தொடங்குகிறது. வாசித்த கதையைப் பற்றிக் குழந்தை வினவும்போது கைப்பேசியைக் கீழே வைத்து, ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டு, பதில் வரும்வரை நாம் காத்திருப்போமா?