புளோரன்ஸுக்குப் போனவர்களும் நாவலர் வீதிக்குப் போகாதவர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பிரான்ஸில் இருக்கிற எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குப் போய், அங்குள்ள நூதனசாலைகளில் எடுத்த படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தது. அதன்பிறகு மூன்று நாள் நடந்த வாக்குவாதத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் "மாஷா அல்லாஹ், குடுத்து வைச்சவங்க" என்றார். இன்னொருவர் "காசு குடுத்துச் சிலை பாக்கப் போறதா?" என்றார். மூன்றாமவர் "எங்கட பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாத கதை" என்று முடித்துவிட்டார். மூவருக்கும் பதில் எழுதப் போய் அது குழுவுக்குள் அடங்காமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

காசுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். புளோரன்ஸில் பெயர்பெற்ற உஃபிஸி நூதனசாலைக்கு சீசன் காலத்தில் பெரியவர்களுக்கு டிக்கட் சுமார் 25 யூரோ. ஆனால் இத்தாலியின் அரச நூதனசாலைகளில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இலவசம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்குமே இலவசம். அந்த நாட்டுக்காரன் தன் பிள்ளை இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைத்துத்தான் அப்படி வைத்திருக்கிறான். நாங்கள் டிக்கட் விலையைப் பற்றிப் பேசுகிறோம், அவர்கள் பிள்ளையைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

சிலை, உருவப்படம் பற்றி மார்க்கத்தில் உள்ள பேச்சு எனக்கும் தெரியும். அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமா இல்லை. வணங்குவது வேறு, வீட்டில் மாட்டி வைப்பது வேறு, ஒரு காலத்து மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று போய்ப் பார்த்துப் படிப்பது வேறு என்பது என் விளக்கம். மாறுபடுகிறவர்கள் தங்களுக்கு நம்பிக்கையான உலமாவிடம் கேட்கட்டும். ஆனால் நூதனசாலை என்றாலே சிலை என்று நினைப்பது போய்ப் பார்க்காதவர்களின் பேச்சு. புளோரன்ஸிலேயே பார்ஜெல்லோ என்றொரு நூதனசாலை இருக்கிறது. முந்தி அது சிறைச்சாலை. அங்கே இஸ்லாமியக் கலைக்கென்றே ஒரு மண்டபம் உண்டு: பித்தளைப் பாத்திரங்கள், துணிகள், கம்பளங்கள், யானைத் தந்த வேலைகள். லூயி கராண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் வாழ்நாள் முழுவதும் சேர்த்ததை 1888இல் அந்த நகரத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அவற்றில் அதிகமானவை அவருடையவை.

அதைவிட எனக்குப் பிடித்தது உஃபிஸியில் இருக்கிற ஓர் ஓவியம். ஜென்டிலே தா ஃபாப்ரியானோ 1423இல் வரைந்தது. குழந்தை ஈஸாவைப் பார்க்க மூன்று அறிஞர்கள் காணிக்கையோடு வருகிற காட்சி. அதில் மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் தலையைச் சுற்றியுள்ள பொன் வட்டத்துக்குள் எழுத்துப் போல ஒன்று ஓடுகிறது. பார்த்தால் அறபு மாதிரியே இருக்கும், வாசிக்கப் போனால் பிடிபடாது. எகிப்திலும் சிரியாவிலும் இருந்து வியாபாரிகள் கொண்டுவந்த பித்தளைத் தட்டுகளிலும் பட்டுத் துணிகளிலும் இருந்த எழுத்தைப் பார்த்து, அந்த ஓவியர்கள் அதன் அழகுக்காகவே அப்படித் தீட்டினார்கள். கிறிஸ்தவர்கள் தங்கள் பள்ளிக்கு வரைந்த ஓவியத்தில், தங்களுக்கு மிகப் புனிதமான பெண்ணின் தலையைச் சுற்றி, பொருள் தெரியாமலே எங்கள் எழுத்தின் சாயலை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் நிலைமை இதற்குத் தலைகீழ். எங்கள் மூத்தம்மாமாரின் பெட்டிகளில் அறபுத் தமிழ்க் கிதாபுகள் கிடக்கின்றன. அறபு எழுத்தில் எழுதியது, ஆனால் தமிழ். நல்ல பொருளுள்ள எழுத்து. அதை வாசிக்க இன்று வீட்டில் ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அப்படி ஒரு பக்கத்தின் படத்தைக் காட்டி "இது என்ன மொழி?" என்று கேட்டேன். "அறபு டீச்சர்" என்று முழு வகுப்பும் சொன்னது. மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டியதும் ஒரு பிள்ளை, "ஐயோ, இது நாங்க பேசுறதுதானே!" என்றாள். அந்தக் கிதாபுகள் ஒவ்வொரு மழைக்கும் பூஞ்சணம் பிடித்துப் போய்க்கொண்டிருக்கின்றன.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

புளோரன்ஸில் இவ்வளவு கலைச்செல்வம் ஏன் இன்றும் இருக்கிறது என்றால், அங்கே பெரிய ஓவியர்கள் பிறந்தது மட்டும் காரணமில்லை. அதை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் கடைசி வாரிசு ஒரு பெண், அன்னா மரியா லூயிசா. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆட்சி வேறு அரச குடும்பத்துக்குக் கைமாறப் போகிறது. அந்த நேரத்தில், 1737இல், அவர் ஓர் ஒப்பந்தம் எழுதினார். குடும்பத்தின் ஓவியம், சிற்பம், நூல்கள், நகைகள் எல்லாவற்றையும் புதிய ஆட்சியாளருக்குக் கொடுக்கிறேன், ஆனால் ஒன்றுகூட புளோரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது, அவை பொதுமக்களின் பயனுக்காக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. உஃபிஸி 1769இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று உலகமே வரிசையில் நிற்பதற்கு, கொடுக்கும்போது நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த அந்தப் பெண்ணும் ஒரு காரணம்.

நாங்கள் எதை எழுதிக் கொடுத்தோம்?

யாழ்ப்பாணத்திலும் நூதனசாலை இருக்கிறது. நாவலர் வீதியில், நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்பக்கம். ஐந்து சந்தியில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிற்பங்கள், கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிகள், திமிங்கில எலும்பு, பழைய மட்பாண்டங்கள் என்று பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்க நிறைய உண்டு. புளோரன்ஸ் போல மினுக்கமில்லைதான். ஆனால் ஐரோப்பாவில் இருந்து விடுமுறைக்கு வருகிற எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அங்கே ஒரு தடவையாவது போயிருப்பார்கள்? இங்கேயே இருக்கிற எங்களில் எத்தனை பேர்? போன தவணை என் வகுப்பில் கேட்டேன். முப்பத்திரண்டு பேரில் இரண்டு கை உயர்ந்தது. அதில் ஒருத்தி போனது மண்டபத்துக்குக் கல்யாணத்துக்கு.

நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டிய பண்பாட்டு மையத்தையும் மறந்துவிட வேண்டாம். 11 மாடிக் கோபுரத்தோடு, உள்ளே நூதனசாலைக்கென்று இரண்டு தளங்கள் ஒதுக்கி 2023 பெப்ரவரியில் கையளித்தார்கள். அதன் பெயரை மாற்றியபோது 2025 ஜனவரியில் பேஸ்புக் முழுக்கச் சண்டை. பெயரும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தளங்களில் என்ன வைப்பது, யாருடைய கதையை வைப்பது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் எங்கள் சமூகத்தின் குரலை நான் கேட்கவேயில்லை.

இதை முறைப்பாடாக எடுக்க வேண்டாம். "யாழ்ப்பாண வரலாற்றில் எங்களை விட்டுவிட்டார்கள்" என்று மேடையில் பேசுவது சுலபம். நாங்கள் என்ன கொண்டுபோய்க் கொடுத்தோம் என்றும் கேட்க வேண்டாமா? ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கை முஸ்லிம்களில் முதலாவது சிவில் சேவை அதிகாரியானவர், பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர். அவர் படித்த பள்ளிக்கூடங்களைப் பாருங்கள். எங்கள் ஊர் எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அந்தப் பெயர் தெரியாது. சோனகத் தெருத் தையல்காரர்களின் கத்தரிக்கோல், இரும்புக் கடைத் தராசு, பழைய காணி உறுதிகள், துருக்கித் தொப்பி போட்டு எடுத்த கல்யாணப் படங்கள், ஒஸ்மானியாவின் பழைய பரிசளிப்பு விழா அழைப்பிதழ் - இவையெல்லாம் கண்ணாடிக்குள் இருந்தால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு "நீ இந்த ஊருக்கு வந்த ஆள் இல்லை, இந்த ஊர் ஆள்" என்று நான் பாடம் நடத்தத் தேவையில்லை.

"எங்கட கையில என்ன மிஞ்சியிருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறியவர்கள் நாங்கள். கையில் கொண்டுபோக விட்டது சிறு தொகைப் பணமும் மாற்றுத் துணியும். காதில் கிடந்ததைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. வடக்கு முழுவதுமாக சுமார் 75,000 பேர். ஒரு சமூகத்தின் வீட்டுப் பொருள் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போனது. அதனால்தான் மிஞ்சியிருக்கிற ஒவ்வொன்றும் பெரிது என்கிறேன். சிலர் உறுதியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். சிலரின் பொருளைப் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் வருடக்கணக்காகக் காத்து வைத்துத் திருப்பிக் கொடுத்தது. புத்தளம் முகாமில் வாழ்ந்த காலத்து நிவாரண அட்டையும் நூதனசாலைக்குரிய பொருள்தான். எழுபது வயதானதைப் பார்த்துத்தான் வரலாறு என்று சொல்ல வேண்டும் என்றில்லை.

"பழைய புண்ணைக் கிண்டக் கூடாது" என்று எங்கள் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள், எங்களுக்குத் தமிழ் அயலவர்களோடு வாழ்க்கை இருக்கிறது. இதற்கும் புளோரன்ஸில் ஒரு பதில் இருக்கிறது. 1966 நவம்பர் 4ஆம் திகதி ஆர்னோ ஆறு பெருகி நகரத்துக்குள் வந்தது. அங்குள்ள தேசிய நூலகத்தில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் அதிகமான நூல்களும் ஆவணங்களும் சேற்றில் நனைந்தன. எங்கெங்கோ நாடுகளில் இருந்து இளைஞர்கள் வந்து இடுப்பளவு சேற்றில் நின்று கைக்குக் கை மாற்றி அவற்றை வெளியே எடுத்தார்கள். சாந்தா குரோச்சே தேவாலயத்தில் சிமாபூவே வரைந்த சிலுவை ஓவியம் கிட்டத்தட்ட 60 வீத வண்ணத்தை இழந்தது. பத்து வருடம் வேலை செய்தார்கள். ஆனால் போன இடத்தில் புதிதாக முகமும் உடம்பும் வரைந்து ஏமாற்றவில்லை. இழந்த பகுதியை மெல்லிய கோடுகளால் மட்டும் நிரப்பி, இது போன இடம் என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி விட்டுவிட்டார்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் இழப்பைக் காட்டலாம் என்பதற்கு அது ஒரு வழி.

1981இல் எங்கள் பொது நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதை இந்த ஊரில் முஸ்லிம், தமிழ் என்று பாராமல் எல்லோரும் தங்கள் இழப்பாகவே சொல்கிறோம். அதேபோல 1990ஐயும் யாழ்ப்பாணத்தின் இழப்பாக இந்த ஊர் நூதனசாலை ஒன்றில் வைக்க முடியாதா? பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு கண்ணாடிப் பெட்டி. இருப்பதை அதற்குள் வைப்போம், மிச்ச இடத்தை வெறுமையாக விட்டு திகதியை மட்டும் எழுதுவோம். என் தமிழ் ஆசிரிய நண்பர்கள் இருவரிடம் இதைச் சொன்னபோது, "நாங்களும் வந்து கேட்கிறோம்" என்றார்கள்.

"குடுத்தால் காணாமல் போயிடும்" என்பது அடுத்த பயம். அதையும் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் அன்னா மரியா லூயிசா சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை, எழுதிக் கொடுத்தார். நாங்களும் அப்படியே செய்யலாம். முதலில் எல்லாப் பக்கத்தாலும் படம் எடுப்பது. பிறகு இரவலாகவா நிரந்தரமாகவா என்று எழுத்தில் போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்குவது. ஆவணங்கள் என்றால் மூலத்தைக் கொடுக்கவே தேவையில்லை, நூலகம் நிறுவனம் மாதிரியான இடங்களில் ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்க்கலாம், பத்திரம் உங்கள் அலமாரியிலேயே இருக்கும்.

சும்மா ஒரு கதை. கொழும்பு தேசிய நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிக் கொடுத்தவர் எங்கள் ஆள், வாப்பிச்சி மரிக்கார். உமக்கு என்ன சன்மானம் வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, "வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வையுங்கள்" என்று மட்டும் கேட்டார் எனச் சொல்வார்கள். அங்கேதான் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டும் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில், 1409ஆம் ஆண்டுத் திகதியோடு. பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப் போகிறவர்கள் மிருகக்காட்சிசாலையோடு திரும்பாமல் அதையும் காட்டுங்கள். தமிழும் பாரசீகமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

புளோரன்ஸ் போன அந்தக் குடும்பத்துக்கு என் துஆவும் வாழ்த்தும். இந்த வருடக் கடைசியில் அவர்கள் ஊருக்கு வருகிறார்களாம். பிள்ளைகளை என்னோடு நாவலர் வீதிக்கு அனுப்பச் சொல்லி ஏற்கெனவே கேட்டுவிட்டேன்.

அதற்கு முன், இன்ஷா அல்லாஹ், வருகிற சனிக்கிழமை காலை தரம் 8, 9 பிள்ளைகளில் விருப்பமானவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன். பெற்றோரின் கடிதம் கட்டாயம். தண்ணீர்ப் போத்தலும் பென்சிலும் போதும், போனை வீட்டில் விட்டு வரட்டும். அன்று அசருக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். பழைய பொருள் வைத்திருக்கிற உம்மாமார், மூத்தம்மாமார் வாருங்கள், பொருளைக் கொண்டுவர வேண்டாம், பேச வந்தால் போதும். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி நாலு நிரல் கீறி வைத்திருக்கிறேன்: என்ன பொருள், யாருடையது, 1990இல் எங்கே இருந்தது, இப்போது யாரிடம். முதல் பக்கத்தில் இதுவரை ஏழு பெயர் இருக்கிறது.