காட்டேரிக்கு மனசு கேட்காது

பக்கத்து மேஜை நண்பர் மூன்று நாவல்களைக் கொடுத்து, "ரத்தக் காட்டேரி, ஓநாய் மனுஷன் எல்லாம் வரும். ராத்திரியில மட்டும் படிக்காதீங்க சார்" என்றார். ராத்திரிதான் படித்தேன். பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஷார்லெய்ன் ஹாரிஸ் என்ற அமெரிக்க அம்மணி 2001-ல் எழுதிய 'டெட் அன்டில் டார்க்' முதல் கதை. லூசியானா மாநிலத்தில் ஒரு கற்பனைச் சிற்றூர். ஜப்பான்காரர்கள் செயற்கை ரத்தம் தயாரித்துவிட, 'இனி யாரையும் கடிக்க வேண்டியதில்லை' என்று காட்டேரிகள் பகிரங்கமாக வெளியே வந்துவிடுகிறார்கள். (பகிரங்கம் என்றால், பொழுது சாய்ந்த பிறகு!)

கதாநாயகி சூக்கி, ஒரு பாரில் சர்வர். அடுத்தவர் மனசில் நினைப்பதெல்லாம் அவளுக்குக் கேட்கும். வரம் என்கிறீர்களா? ஒரே ஒருநாள் உங்கள் மானேஜர் மனசைக் கேட்டுப் பாருங்கள். அப்போது பில் என்ற காட்டேரி வருகிறான். அவன் மனசு மட்டும் அவளுக்குக் கேட்பதே இல்லை. நிசப்தம். அப்பாடா! காதல் வராமல் என்ன செய்யும்?

முதல் அத்தியாயத்திலேயே ரத்தம் எடுக்கிறார்கள். எடுப்பது காட்டேரி அல்ல. ஒரு கணவனும் மனைவியும் அவனைக் கட்டிப்போட்டு அவன் ரத்தத்தை எடுக்கிறார்கள். கள்ள மார்க்கெட்டில் அதற்கு நல்ல விலை!

ஓநாய் மனிதன் அல்ஸீட், மூன்றாவது கதையான 'கிளப் டெட்'டில் (2003) வருகிறான். நிலம் அளப்பது குடும்பத் தொழில். அப்பாவின் சூதாட்டக் கடனுக்காகக் காட்டேரிகள் சொன்ன வேலையைச் செய்கிறான். பௌர்ணமியன்று ஓநாய். மற்ற நாளெல்லாம் கடனாளி. பாவமாக இருந்தது.

எனக்குப் பிடித்த சட்டம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் கூப்பிடாமல் காட்டேரி உள்ளே வர முடியாது. கூப்பிட்டதை வாபஸ் வாங்கினால், வந்தவர் அப்படியே பின்பக்கமாக நடந்து வெளியே போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்கும் இதை அமல்படுத்தலாம்.

இந்த வரிசையில் 13 நாவல்கள் வந்து 2013-ல் முடிந்தன. 'ட்ரூ பிளட்' என்ற டி.வி. தொடராகவும் 2008 முதல் 2014 வரை ஓடியது.

இப்போது வெட்கத்துக்கு வருகிறேன். புத்தகம் கொடுத்த அதே நண்பர் போன மாதம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஐயாயிரம் கேட்டார். "இருந்தா குடுக்க மாட்டேனா சார்?" என்றேன். பாங்க்கில் இருந்தது. சூக்கி அந்தப் பக்கம் வந்திருந்தால் மானம் போயிருக்கும்.

நேற்று புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே ஒரு கவர் வைத்திருந்தேன். "என்ன சார் இது?" என்றார். "புக்மார்க்" என்றேன். பிரித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தார்.

மனசில் என்ன நினைத்தாரோ! நல்லவேளை, நான் சூக்கி இல்லை.