29-0 வாணவேடிக்கையும் மூணு அரையிறுதியும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது பசங்களைத் திட்டற பதிவு இல்லை. ஸ்கோரை மட்டும் பார்த்துட்டு சரவெடி கொளுத்துற நம்மளைத் திட்டற பதிவு. 'நம்மளை'ன்னா என்னையும் சேர்த்துத்தான். ஆட்டோ அனுப்பணும்னு நினைக்கிறவங்க முழுசாப் படிச்சுட்டு அனுப்புங்க.

2025 நவம்பர் 28ல ஆரம்பிச்சு டிசம்பர் 10 வரைக்கும் ஆண்கள் ஜூனியர் உலகக்கோப்பை ஹாக்கி சென்னையிலயும் மதுரையிலயும் நடந்தது எல்லாருக்கும் தெரியும். காரியாபட்டியில பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல மதுரை. உலகக்கோப்பை ஒண்ணு இவ்வளவு பக்கத்துல வந்து நடக்கும்னு எங்க ஊர்க்காரன் எவனும் கனவுல கூட நினைச்சிருக்க மாட்டான். அதுக்காக அரசாங்கத்துக்கு ஒரு கும்பிடு. இனிமே சண்டை.

இந்தியா லீக் சுற்றுல என்ன பண்ணுச்சு? சிலியை 7-0. ஓமனை 17-0. சுவிட்சர்லாந்தை 5-0. மூணு மேட்ச், 29 கோல், ஒரு கோல் கூட வாங்கலை. உடனே நம்ம ஆளுங்க "கப்பு நமக்குத்தான்"னு முடிவே பண்ணிட்டாங்க. டீக்கடையில ஹாக்கின்னா பந்தா சக்கரமான்னு கேக்குற அண்ணாச்சி கூட "பதினேழுப்பா, பதினேழு!"ன்னு விரலை மடக்கிக் காட்டுறாரு.

காலிறுதியில பெல்ஜியம். 2-2. ஷூட் அவுட்ல 4-3ன்னு தப்பிச்சோம். அரையிறுதியில ஜெர்மனி. 1-5. அவ்வளவுதான். மூணாவது இடத்துக்கான மேட்ச்ல அர்ஜென்டினாகிட்ட 0-2ன்னு பின்னாடி இருந்து கடைசி குவார்ட்டர்ல நாலு கோல் போட்டு 4-2ன்னு ஜெயிச்சாங்க. அந்தக் குவார்ட்டருக்காக அந்தப் பசங்களுக்கு எத்தனை மாலை போட்டாலும் தகும். 2016க்கு அப்புறம் ஜூனியர் உலகக்கோப்பையில நமக்குக் கிடைச்ச முதல் பதக்கம் அது.

என் சண்டை இங்கதான். போட்டி முடிஞ்சதும் எல்லாரும் போட்ட கணக்கு என்ன? "ஆறு மேட்ச், ஒரே ஒரு தோல்வி, 36 கோல் அடிச்சு 9 கோல்தான் வாங்கினோம், வெண்கலம்." கேக்க எவ்வளவு ஜோரா இருக்கு! ஆனா இந்த 36-9ஐ ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. லீக்ல 29-0. நாக்-அவுட்ல 7-9. ஷூட் அவுட் கோலைச் சேர்க்காமச் சொல்றேன். அதாவது தோத்தா வெளியேன்னு வந்த மூணு மேட்ச்ல நாம அடிச்சதை விட வாங்கினது ஜாஸ்தி. 36-9ங்கிற கணக்கு பொய் இல்லை. ஆனா உண்மையை மறைக்கிற கணக்கு.

ஒரு போட்டியை வச்சு முடிவு பண்ணாதேன்னு சொல்வீங்க. நியாயம். முந்தின ரெண்டையும் எடுத்துக்கலாம்.

2021 புவனேஸ்வர்: லீக்ல 25-8. கனடாவுக்கு மட்டும் 13 கோல். நாக்-அவுட்ல 4-7. பெல்ஜியத்தை 1-0ன்னு ஜெயிச்சோம், ஜெர்மனிகிட்ட 2-4, வெண்கலத்துக்கு பிரான்ஸ்கிட்ட 1-3.

2023 கோலாலம்பூர்: லீக்ல 15-7. திரும்பவும் கனடாவுக்கு 10 கோல். நாக்-அவுட்ல 6-10. நெதர்லாந்தை 4-3ன்னு ஜெயிச்சோம், ஜெர்மனிகிட்ட 1-4, வெண்கலத்துக்கு ஸ்பெயின்கிட்ட 1-3.

மூணு போட்டியையும் கூட்டினா லீக்ல 69-15, நாக்-அவுட்ல 17-26. அரையிறுதி மூணுலயும் எதிரி ஒரே ஆள், ஜெர்மனி. 2-4, 1-4, 1-5. சிவகாசி பாஷையில சொன்னா, லீக்ல பத்தாயிரம் வாலா, அரையிறுதியில நமத்துப் போன வெடி.

இப்ப கப் ஜெயிச்ச வருஷத்தைப் பாருங்க. 2016 லக்னோ. லீக்ல நாம அடிச்சது வெறும் 11 கோல், வாங்கினது 4. பதினேழும் இல்லை, பதிமூணும் இல்லை. நாக்-அவுட்ல ஸ்பெயின் 2-1, ஆஸ்திரேலியா 2-2 (ஷூட் அவுட் 4-2), இறுதியில பெல்ஜியம் 2-1. மூணும் நூலிழை மேட்ச். கப்பு நம்ம கையில. அப்புறம் எதுக்குய்யா அந்தப் பதினேழு?

"டேய், நாக்-அவுட்ல பலமான டீம்தான் வரும், கோல் குறையத்தான் செய்யும், இது கூடத் தெரியாதா?"ன்னு ஒருத்தர் கேப்பாரு. அண்ணே, அதைத்தான் நானும் சொல்றேன். எதிரி வேற, பயம் வேற, ஆட்டம் வேறன்னா கணக்கு மட்டும் எதுக்கு ஒண்ணா இருக்கணும்? 2025ல முதல் முறையா 24 டீம் ஆடுச்சு. பாகிஸ்தான் வரலைன்னு விலகினதும் அந்த இடத்துக்கு வந்த டீம் ஓமன். ஹாக்கி பரவணும்னா அவங்களும் ஆடணும், ரொம்ப நல்ல விஷயம். ஆனா அவங்களுக்கு எதிரா அடிச்ச கோலை எண்ணி நம்ம பலத்தை எடை போடக்கூடாது. காய்ச்சல் பார்க்கணும்னா தெர்மாமீட்டரை வாயில வைக்கணும், டீ கிளாஸ்ல வைக்கக்கூடாது.

கனடாக்காரன் இதுல கெட்டிக்காரன். அவன் ஹாக்கி ஐஸ் மேல ஆடுற ஹாக்கி, நம்ம ஹாக்கி இல்லை. நம்ம நாட்டுல அதைப் பார்க்கணும்னா லடாக்குக்குத்தான் போகணும். அங்க 16ல இருந்து 20 வயசுப் பசங்க ஆடுற ஜூனியர் லீக்ல வழக்கமான சீசன் கணக்கு தனி, பிளேஆஃப் கணக்கு தனி. சீசன்ல எத்தனை கோல் வேணாலும் அடிச்சுக்கோ, பிளேஆஃப் ஆரம்பிச்சா பூஜ்யத்துல இருந்து புதுப் புத்தகம். அதுவும் ஒரே மேட்ச்ல தலையெழுத்து முடியாது. ஏழு ஆட்டத் தொடர், நாலு ஜெயிக்கிறவன் அடுத்த சுற்றுக்குப் போவான். அப்படி ஜெயிச்சு வர்ற சாம்பியன்கள் 1919ல இருந்து நடக்கிற மெமோரியல் கோப்பைக்குப் போய் மோதுவாங்க. ஏழு ஆட்டம் ஆடினா அதிர்ஷ்டம் ஒதுங்கி நிக்கும், சரக்கு வெளிய வந்துடும். நம்ம போட்டியை ஏழு ஆட்டமா நடத்த முடியாது, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு நோட்டு போட்டு எழுதறதுக்கு என்ன செலவு? ஒரு நோட்டு விலை அவ்வளவுதானே?

சரி, நாக்-அவுட் கணக்கைத் தனியா எழுதிட்டா வேலை முடிஞ்சுதா? இல்லை. இதுக்கு மேலயும் ஒரு கணக்கு இருக்கு. அதை எழுத இங்க ஆளே இல்லை.

2013ல டெல்லியில நடந்த ஜூனியர் உலகக்கோப்பையில சொந்த மண்ணுல நாம பத்தாவது. கேவலம், அவமானம்னு எல்லாரும் எழுதித் தீர்த்தாங்க. அந்த டீமோட கேப்டன் மன்பிரீத் சிங். 2021ல டோக்கியோ ஒலிம்பிக்ல ஜெர்மனியை 5-4ன்னு ஜெயிச்சு, 1980க்கு அப்புறம் 41 வருஷம் கழிச்சு நமக்கு ஹாக்கியில பதக்கம் வந்துச்சே, அந்த டீமுக்கு கேப்டன் யாரு? அதே மன்பிரீத் சிங். பத்தாவது வந்தவன்னு அவனை அன்னைக்கே மூட்டை கட்டி அனுப்பியிருந்தா?

2016ல ஜெயிச்ச டீம்ல இருந்த ஹர்மன்பிரீத் 2024 பாரிஸ்ல கேப்டனா நின்னு வெண்கலம் வாங்கினாரு. லக்னோ இறுதியில கோல் போட்ட சிம்ரன்ஜீத், டோக்கியோவுல ஜெர்மனிக்கு எதிரா ரெண்டு கோல் போட்டாரு. ஆனா லக்னோவுல கப்பைத் தூக்கின கேப்டன் ஹர்ஜீத் சிங்குக்கு ஒலிம்பிக் வாய்ப்பே வரலை. கப் ஜெயிச்ச கேப்டன் ஒலிம்பிக் போகலை, பத்தாவது வந்த கேப்டன் பதக்கத்தோட வந்தாரு. ஜூனியர் டீம் ரெக்கார்டை மட்டும் வச்சு ஜாதகம் எழுதறவங்களுக்கு இதை விட வேற பாடம் வேணுமா?

ஜூனியர் டீமோட வேலை கப் வாங்கறது மட்டும் இல்லை, ஆள் தர்றது. முதல் கேள்வி நாக்-அவுட்ல என்ன பண்ணினாங்க. ரெண்டாவது கேள்வி, அந்தப் பசங்க அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருக்காங்க. ஓமனுக்கு எத்தனை கோல்ங்கிறது கேள்வியே இல்லை.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். உலகக்கோப்பை நடந்தது தமிழ்நாட்டுல. இந்திய டீம்ல தமிழ்நாட்டுப் பையன் எத்தனை பேர்? ஒருத்தர் கூட இல்லை. மணிப்பூர்ல இருந்து ஆள் இருக்கான், ஜார்கண்ட், ஒடிசாப் பக்கத்து எக்காவும் குஜூரும் இருக்காங்க, பஞ்சாப் சொல்லவே வேண்டாம். கல்யாண மண்டபம் நம்மது, பந்தி நம்மது, மாப்பிள்ளையும் வேற ஊரு, மாப்பிள்ளைத் தோழனும் வேற ஊரு.

ஆண்கள் ஒலிம்பிக் ஹாக்கியில தமிழ்நாட்டுக்காரர் கடைசியா ஆடினது 2004 ஏதென்ஸ்ல, கோயம்புத்தூர் ஆடம் சிங்ளேர். 1980 மாஸ்கோவுல தங்கம் வாங்கின டீமுக்கு கேப்டன் நம்ம பாஸ்கரன். அந்த ஊர் இது! 2022ல ஜகார்த்தா ஆசியக் கோப்பையில மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் ஆடினாங்களே, ரெண்டு பேரும் கோவில்பட்டியில பயிற்சி எடுத்தவங்க. சாத்தூரைத் தாண்டினா கோவில்பட்டி. தீப்பெட்டி ஊரு, கடலைமிட்டாய் ஊரு, ஹாக்கி ஊரு. அங்க செயற்கைத் தரை இருக்கு, விளையாட்டு விடுதி இருக்கு, அகில இந்தியப் போட்டி நடக்குது, அதனால ஆள் வருது. மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் பையன் இந்தியா ஜெர்சி போடறான். இந்தப் பக்கம் எங்க ஆளு செம்மண் தரையில குழி பார்த்துப் பார்த்து பந்தைத் தள்றான். அதே வெயில், அதே கரிசல், அதே கூழ். வித்தியாசம் அந்தப் பச்சைத் தரைதான்.

ஒடிசாவுல சுந்தர்கர்னு ஒரு மாவட்டம். ஒன்றியத்துக்கு ஒரு செயற்கைத் தரைன்னு 17 ஒன்றியத்துக்கும் திட்டம் போட்டாங்க. அந்த மாவட்டத்து சௌனாமாராங்கிற ஒரே கிராமத்துல இருந்து திலீப் திர்கியும் வந்தாரு, அமித் ரோஹிதாஸும் வந்தாரு. எங்க விருதுநகர் மாவட்டத்துல ஒன்றியம் 11. பதினொண்ணு கேக்கலை. காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக்கு ஒண்ணே ஒண்ணு போடுங்கன்னு கேக்கறேன்.

ஆனா எங்க மாவட்டத்துக்கு ரெக்கார்டு பைத்தியம் வேற மாதிரி. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்துல 2017லயும் 2018லயும் மாநிலத்துலயே முதல் மாவட்டம் நாங்க. பெருமைதான், இல்லைங்கலை. ஏழை வீட்டுப் பிள்ளைங்க படிச்சு மேல வந்திருக்காங்க. ஆனா நான் படிச்ச காலத்துல பி.டி. பீரியடுன்னா கணக்கு வாத்தியார் சாக்பீஸோட வந்து நிப்பாரு. பி.டி. வாத்தியார் பீரியடைத் தாரை வார்த்துட்டு மரத்தடியில ஆப்சென்ட் லிஸ்ட் எழுதிக்கிட்டு இருப்பாரு. கப் போட்டி வந்தா மட்டும் பத்து நாள் முன்னாடி பந்து வெளிய வரும். பத்தாவது நாள் முதல் சுற்றுல பிஞ்சு டீம் ஒண்ணு மாட்டும், எட்டு கோல் அடிப்போம், பிரேயர்ல கைதட்டு. அடுத்த சுற்றுல கோவில்பட்டிப் பக்கத்து டீம் வந்து உரிச்சு அனுப்பும். அது பிரேயர்ல வராது. நோட்டீஸ் போர்டுல எட்டு கோல் மட்டும் வருஷம் பூரா தொங்கும். 29-0ங்கிற வியாதி மேல இருந்து கீழ வந்ததில்லைங்க, கீழ இருந்து மேல போனது.

அதனால நான் கேக்கறது இதுதான். மாவட்டமோ மாநிலமோ இந்தியாவோ, ஜூனியர் டீம் கணக்கை மூணாப் பிரிச்சு எழுதுங்க. ஒண்ணு, லீக். ரெண்டு, நாக்-அவுட். மூணு, அந்த டீம்ல ஆடின ஒவ்வொரு பையனும் அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருக்கான். இன்னும் ஆடறானா, ரயில்வேயிலயோ போலீஸ்லயோ வேலை கிடைச்சுதா, இல்லை மட்டையைப் பரண்ல போட்டுட்டு பட்டாசு ஆபீஸுக்கு வேன் ஏறிட்டானா. இந்த மூணாவது நோட்டைத் திறந்து காட்ட எந்தச் சங்கத்துக்குத் தைரியம் இருக்கோ அந்தச் சங்கம் ஜெயிச்சதுன்னு நான் ஒத்துக்கறேன், கப் இருந்தாலும் இல்லாட்டாலும்.

ஜெர்மனி 2025லயும் ஜெயிச்சுது. இறுதியில ஸ்பெயினோட 1-1, ஷூட் அவுட்ல 3-2. எட்டாவது ஜூனியர் கோப்பை. அவன் இறுதியில அடிச்சது ஒரே ஒரு கோல். யாராவது அவன்கிட்ட போய் "எங்காளு பதினேழு அடிச்சான் தெரியுமா"ன்னு சொல்லிப் பாருங்களேன்.

டிஸ்கி: "பதக்கம் வாங்கின பசங்களைக் குறை சொல்றியே"ன்னு வர்றவங்க முதல் வரியைத் திரும்பப் படிங்க. "எங்க பக்கத்துல தரை இருக்கு, வந்து பாரு"ன்னு சொல்றவங்க விலாசத்தோட வாங்க, அடுத்த பஸ்ல வர்றேன்.